பிடிக்காத நூலுக்கும் ஓர் இடம்

தேர்வு முடியும் தறுவாயில் நம் மாணவர்களுக்கு நூல்நிலையத்தின் மேல் திடீரென்று ஓர் அன்பு சுரந்துவிடுகிறது. தில்லியின் வெயிலுக்குத் தப்பி ஊர் போகுமுன், நாலைந்து புத்தகங்களை அள்ளிக்கொண்டு கிளம்புகிறோம். அள்ளுவது நல்லதே. எவற்றை அள்ளுகிறோம் என்பதுதான் கேள்வி. கல்கியைப் படித்தவருக்கு மறுபடியும் கல்கி. துப்பறியும் கதைப் பிரியருக்கு இன்னுமொரு கொலை. பகுத்தறிவாளருக்குப் பகுத்தறிவு நூல். பக்தருக்குப் பக்தி நூல். விடுமுறை முழுவதும் நம்முடைய அபிப்பிராயத்தையே வேறு வேறு அட்டைகளில் படித்துவிட்டு ஆடி மாதம் திரும்பி வருகிறோம்!

நண்பர்களே, நாலு நூல் எடுத்தால் அவற்றுள் ஒன்று, ‘இஃது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது’ என்று நீங்கள் எண்ணும் நூலாக இருக்கட்டும். இதுவே என் விண்ணப்பம்.

“கோடையில் இந்தத் தவம் எதற்கு?” என்று கேட்பீர்கள். மட்டமான நூலை எடுக்கச் சொல்லவில்லை. அஃது அலமாரியிலேயே இருக்கட்டும். நாம் மதிக்கும் ஒருவர் போற்றுகிற, ஆனால் பெயரைக் கேட்டதுமே நாம் முகம் சுளிக்கிற நூலைச் சொல்கிறேன். அந்தச் சுளிப்புப் பெரும்பாலும் நம் சொந்தச் சம்பாத்தியம் அன்று. அண்ணன் சொன்னது, விடுதித் தோழன் சொன்னது, பரீட்சைக்கு உருப்போட்ட எட்டு வரி தந்த கசப்பு. வெறுப்பைக்கூடவா கடன் வாங்குவது?

டாக்டர் உ. வே. சாமிநாதையரை எண்ணிப் பாருங்கள். 1880-ல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் என்ற முனிசீப்பைச் சந்தித்தபோது, தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் வரிசையாக அடுக்கினார். முதலியார் அசையவில்லை. சிந்தாமணி படித்ததுண்டா என்றார். சைவ மடத்தின் நிழலில் தமிழ் பயின்றவருக்குச் சமண காவியம்! அவராக நாடிப் போன நூல் அன்று. ஏட்டைப் பிரித்தால் சொல்லும் பிடிபடவில்லை, சமயக் கருத்தும் பிடிபடவில்லை. கல்லூரி ஆசிரியராக இருந்தவர், அவ்வூர்ச் சமணர் வீடுகளைத் தேடிச் சென்று பாடம் கேட்டார். 1887-ல் சிந்தாமணி அச்சேறிற்று. சிலப்பதிகாரமும் புறநானூறும் அவர் கையால் வந்தது அதற்குப் பின்னர்தான். தமக்கு உகந்த அந்தாதிகளோடு அவர் நின்றிருந்தால் நம் கதி என்ன?

எதிர்ப்பதற்கும் படிப்பு வேண்டும். 1943-ல் கம்பராமாயணத்தைக் கொளுத்த வேண்டுமென்று வாதிட்ட அண்ணா, சென்னைச் சட்டக் கல்லூரியில் ரா. பி. சேதுப்பிள்ளையோடும், சேலத்தில் சோமசுந்தர பாரதியாரோடும் நேருக்கு நேர் வாதாடினார். அவர் முடிவு நமக்கு உடன்பாடோ அன்றோ, கம்பனைப் பாட்டுப் பாட்டாகப் படித்தவர் அவர். படிக்காதவரால் ‘கம்பரசம்’ எழுதியிருக்க முடியாது. நம் சங்கப் பட்டிமன்றத்தின் நிலை என்ன? கம்பனைத் தாக்குபவர், தாங்குபவர் ஆகிய இரு சாராருமே நூலின் முதுகை மட்டும் தரிசித்தவர்கள். கைதட்டல் மட்டும் குறைவதில்லை.

படித்தால் பிடித்துவிடும் என்று நான் உறுதி கூறவில்லை. சென்ற கோடையில், சலிப்பூட்டும் என்று தெரிந்தே, 1879-ல் வெளிவந்த ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை எடுத்துச் சென்றேன். சலித்தது. கதை நாலடி நடந்தால் உபதேசம் எட்டடி நடக்கிறது. ஆயினும் ஞானாம்பாள் ஆண் வேடத்தில் அரசாளும் பகுதியை இரண்டு முறை படித்தேன். தமிழர் வழக்கைத் தமிழிலேயே நடத்த வேண்டும் என்று மாயூரம் வேதநாயகம் பிள்ளை அந்த நாளிலேயே மன்றாடியிருப்பதை எனக்கு எவரும் சொன்னதில்லை. இப்போது அந்நூல் எனக்கு ஏன் பிடிக்கவில்லை என்பதை இன்ன அத்தியாயம், இன்ன பக்கம் என்று காட்ட முடியும். அந்தச் சலிப்பு என்னுடையது. எவரிடமும் இரவல் பெற்றதன்று.

எப்படித் தேடுவது? பட்டியலில் தேடினால் தேடியதுதான் கிடைக்கும். அலமாரியின் முன் நின்று பாருங்கள். இந்தத் தில்லிப் பல்கலைக்கழகத்திலேயே பணியாற்றிய சீர்காழித் தமிழர் எஸ். ஆர். ரங்கநாதன், 1931-ல் ஐந்து விதிகளை வெளியிட்ட நாள் தொட்டுத் திறந்த அலமாரிக்காக வாதாடியவர். நாடிய நூலுக்குப் பக்கத்தில் நாடாத நூலும் கண்ணில் பட வேண்டும் அல்லவா?

இன்னொரு யுக்தி: அந்த நூலை மட்டும் கைப்பையில் வையுங்கள், மற்றவை பெட்டியில் பூட்டி இருக்கைக்கு அடியில் கிடக்கட்டும். சென்னைக்கு ஒன்றரை நாள் பயணம். கைபேசியில் மின்சாரம் தீர்ந்த பிறகு எந்த நூலும் கவர்ச்சி பெறும்.

இவ்வாண்டு என் கைப்பையில் இருக்கப்போவது பிரேம்சந்தின் ‘கோதான்’, 1936-ல் வெளிவந்தது. இந்தி நாவலா என்று என் அறைத்தோழரே புருவத்தை உயர்த்துகிறார். எனக்கும் அவ்வளவாக நம்பிக்கை இல்லை. கறிகாய் வாங்கக் கற்ற இந்தியை வைத்துக்கொண்டு, விஜயவாடா வருமுன் முதல் அத்தியாயமாவது முடிகிறதா பார்க்க வேண்டும்.