ஒரு கார்டு இலவசம்... மீதி மூன்று?

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க, ஸ்ரீரங்கத்து வீடுகளில் பரமபதப் படத்தை விரிப்பார்கள். பாட்டி ஆடிய அதே படத்தில் பேத்தியும் ஆடலாம். புதிதாக எதுவும் வாங்க வேண்டாம்.

ஜப்பானின் ‘யு-கி-ஓ’ கார்டு விளையாட்டு அப்படியல்ல. பாக்கெட்டைப் பிரிக்கும்வரை உள்ளே எந்த கார்டு என்று தெரியாது. கேட்டது வரும்வரை பிள்ளைகளின் அடம் ஓயாது.

2004-ல் அமெரிக்காவில் ‘யு-கி-ஓ! தி மூவி: பிரமிட் ஆஃப் லைட்’ அனிமேஷன் படம் வெளியானது. எகிப்தின் அனுபிஸ் எழுந்து வர, கார்டிலிருந்து டிராகன்கள் பாயும் மாயாஜாலக் கதை. தியேட்டருக்கு வந்தவர்களுக்கு 4 கார்டுகளில் ஒன்று இலவசம். மீதி மூன்று? அங்கேதான் வியாபாரம்!

திருச்சி பெற்றோரே, படத்தைத் தடுக்க வேண்டாம், பிள்ளைகள் ரசிக்கட்டும். பாக்கெட்டுக்கு மாதம் எவ்வளவு என்பதை மட்டும் முன்கூட்டியே பேசி வையுங்கள்.