மனநோயும் நம் கடமையும்



மண்ணரையில் ஒரு தாய் என்னிடம் வந்தார். பனியன் கம்பெனிக்குச் சென்ற மகன் உறக்கமின்றித் தனக்குள் பேசுகிறானாம். "மந்திரித்துவிடுங்கள், சாமி" என்றார். செபித்தேன், பின்பு மருத்துவரைப் பற்றிக் கேட்டேன். அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசந்தான். ஆனால் போகும் நாளெல்லாம் இருவர் கூலி போகிறதே என்று அழுதார். என்னிடம் விடையில்லை.

2001 ஆகஸ்டு 6, ஆண்டவர் உருமாறிய திருநாள். அன்று விடியலில் ஏர்வாடியில் ஒரு கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் ஓட இயலாது மாண்டனர். அவர்களை அங்கே விட்டுச்சென்ற உற்றார் யாவரும் கொடியவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள்.

2017-ஆம் ஆண்டுச் சட்டம் சங்கிலியிடுவதைத் தடைசெய்தது. அரசு நிதியில் மனநல மருத்துவம் பெறுவதை உரிமையாக்கிற்று. நல்ல சட்டம்! ஆயினும் மத்திய அரசின் சுகாதார நிதியில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே மனநலத்துக்கு. அதிலும் பெரும்பகுதி பெங்களூர் நிம்ஹான்சுக்கு. மண்ணரைக்கு எது மிஞ்சும்?

கெரசேனர் நாட்டில் சங்கிலிகளை உடைத்தெறிந்தவனை ஆண்டவர் குணமாக்கி, அவன் வீட்டாரிடமே அனுப்பினார். நம்மவர்க்கும் வீட்டருகே மருத்துவம் வேண்டும். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் ஞாயிறுதோறும் (பூசைக்குப் பின்னர்தான்!) மனநல மருத்துவர் அமரவேண்டுமெனத் திங்கட்கிழமை ஆட்சியரிடம் மனுக் கொடுக்கிறோம். ஷிப்டு இல்லாதவர்கள் உடன் வாருங்கள். அதுவரை, 14416 என்ற எண்ணில் இலவசமாக ஆலோசனை பெறலாம்.