படுவான்கரைக்குக் கணக்குச் சொல்வது யார்?

மாகாண சபையில் தமக்கென உறுப்பினர்கள் இருந்தார்கள் என்பதையே மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் வாழும் கிராம மக்கள் மறந்துவிடக்கூடிய நிலை தோன்றியுள்ளது. 37 ஆசனங்களைக் கொண்ட கிழக்கு மாகாண சபைக்கு மட்டக்களப்பு மாவட்டம் 11 பேரைத் தெரிவு செய்து வந்தது. அச்சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பர் 30ஆம் திகதியுடன் முடிவடைந்தது. 2025ஆம் ஆண்டு முடிவுற்ற வேளையிலும் புதிய சபைக்கான தேர்தல் நடைபெற்றிருக்கவில்லை.

இதற்குக் கொழும்பை மாத்திரம் குறை கூறிவிட முடியாது. 2017 இல் நிறைவேற்றப்பட்ட திருத்தச் சட்டம் பழைய தேர்தல் முறையை அகற்றியது. தமிழ், முஸ்லிம் கட்சிகளும் அதற்கு ஆதரவாக வாக்களித்தன. புதிய முறைக்கான எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஆகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது அதற்கு ஆதரவாக ஒரு வாக்கேனும் விழவில்லை. பழைய கதவை மூடிவிட்டுப் புதிய கதவைத் திறக்காமல் விட்ட பொறுப்பில் எமது பிரதிநிதிகளுக்கும் பங்குண்டு.

விளைவை அனுபவிப்பவர்கள் கிராமத்தவர்களே. மாகாண வீதிகள், மாகாணப் பாடசாலைகள், கிராமிய வைத்தியசாலைகள், கூட்டுறவு என அன்றாட வாழ்வோடு ஒட்டிய விடயங்களில் பெரும்பாலானவை மாகாணத்துக்கு உரியவை. அவற்றை இன்று ஆளுநரும் அதிகாரிகளுமே நடத்துகின்றனர். ஆளுநர் பதில் கூறவேண்டியது ஜனாதிபதிக்கே அன்றி வவுணதீவில் உள்ள விவசாயிக்கு அல்ல. மாரி காலத்தில் உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, வீதிகள் நீரில் மூழ்கும்போது, அந்த வீதி எவருக்குரியது, அடுத்த வருடமாவது உயர்த்தப்படுமா என்று கேட்பதற்கு அவருக்கு ஒரு வாசற்படி இல்லை.

பாராளுமன்ற உறுப்பினர்கள் இருக்கிறார்களே என்று கேட்கலாம். 2024 நவம்பர் தேர்தலில் இம்மாவட்டத்திலிருந்து ஐவர் தெரிவாகினர். தமிழரசுக் கட்சிக்கு மூன்று ஆசனங்கள், தேசிய மக்கள் சக்திக்கு ஒன்று, முஸ்லிம் காங்கிரஸுக்கு ஒன்று. ஆயினும் விகிதாசார முறையின் கீழ் முழு மாவட்டமும் ஒரே தொகுதியாகிவிடுவதால் வெல்லாவெளிக்காரருக்கு ஐந்து எம்.பி.மார் உள்ளனர், அவருக்கென்று ஒருவரும் இல்லை. முன்னர் பட்டிருப்புக்கு ஒருவர், கல்குடாவுக்கு ஒருவர், மட்டக்களப்பு இரட்டை அங்கத்தவர் தொகுதிக்கு இருவர் என இருந்தனர். அந்த ஏற்பாடு குறைகளற்றது என்று நாம் கூறவரவில்லை. ஆனால் உங்கள் எம்.பி. யார் என்று வினவினால் ஒரு பெயரைச் சொல்ல முடிந்தது. இன்றைய விருப்பு வாக்கு முறையோ தமிழ் உறுப்பினரைத் தமிழ்க் கிராமங்களுக்குள்ளும் முஸ்லிம் உறுப்பினரைக் காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடிக்குள்ளும் மட்டுப்படுத்தி விடுகிறது. ஒரே வாவியில் வலை வீசுவோருக்கும் ஒரே வாய்க்கால் நீரில் வயல் செய்வோருக்கும் இரு வேறு கணக்குகள் சொல்லப்படுகின்றன. பல வேளைகளில் அதுவும் இல்லை.

உறுப்பினர்கள் மௌனமாக இருக்கிறார்கள் என்பதல்ல எமது முறைப்பாடு. சபையில் ஆற்றும் உரையின் காரசாரமான பகுதி அன்று மாலையே முகநூலில் வந்துவிடுகிறது. அது உரை, கணக்கு அல்ல. அமெரிக்காவின் கிராமப்புற மாநிலங்களில் மாநில சட்டசபை கூடியிருக்கும் காலத்தில் பல உறுப்பினர்கள் உள்ளூர்ப் பத்திரிகைக்கு வாரந்தோறும் ஒரு கடிதம் எழுதுவது வழக்கம். எந்தச் சட்டமூலம் வந்தது, தாம் எப்படி வாக்களித்தோம், ஏன் என்பதே அதன் பொருள். பிரித்தானிய எம்.பி.மார் வார இறுதியில் தொகுதியில் அமர்ந்து மக்களின் குறைகளை நேரில் கேட்கிறார்கள். எமது பாராளுமன்றம் வழமையாக மாதத்தில் இரு வாரங்களே கூடுகிறது. எஞ்சிய நாட்களில் ஒரு பக்கம் எழுதுவது இயலாத காரியமன்று. தபால் செலவுக்கென உறுப்பினர்களுக்குப் பொதுப்பணத்திலிருந்து கொடுப்பனவும் உண்டு.

இது வெறும் சம்பிரதாயம் பற்றிய பேச்சல்ல. 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா, குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டப்பட்டுக் கொண்டிருந்த இடத்தில், மாற்று வழியாக ஓடிய மிதவைப் பாதை கவிழ்ந்து, பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்தனர். அனுமதி எவருடையது, மேற்பார்வை எவருடையது என்ற கேள்விகள் ஜனாஸாக்களுக்குப் பின்னரே உரத்து எழுந்தன. அந்தப் பாதையின் நிலை பற்றி வாரந்தோறும் ஒருவர் கேட்டு, கிடைத்த பதிலை ஊருக்கு எழுதியிருந்தால், அவை முன்னரே எழுந்திருக்கும். குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு வாவியைக் கடக்கப் பாதையையே நம்பியிருந்த மக்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை அங்கும் இதே நிலைதான்.

மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரை விவகாரமும் அத்தகையதே. 2023 செப்டெம்பரில் பண்ணையாளர்கள் சித்தாண்டியில் வீதியோரம் அமர்ந்து தொடர் போராட்டத்தை ஆரம்பித்தனர். அங்கு சென்று படம் எடுத்துக்கொண்ட அரசியல்வாதிகள் பலர். மகாவலி அதிகார சபைக்கு எந்தத் திகதியில் எழுதினோம், என்ன பதில் வந்தது, எது மறுக்கப்பட்டது என்பதை எழுத்தில் வைத்தவர்கள் எத்தனை பேர்?

மாகாண சபை எப்போது கூடும் என்பது எமது கையில் இல்லை. ஐந்து எம்.பி.மாரும் தனித்தனியாகவோ கூட்டாகவோ வாரம் ஒரு பக்கம் எழுதுவது அவர்கள் கையில் உள்ளது. எழுப்பிய கேள்வி, கிடைத்த பதில், கிடைக்காத பதில் ஆகிய மூன்றும் எளிய தமிழில் இருந்தால் போதும். அதனைக் கிராம உத்தியோகத்தர் அலுவலகத்திலும், கோயில் முன்றலிலும், பள்ளிவாசல் அறிவித்தல் பலகையிலும் ஒட்டலாம். 2025 மே மாதம் வட்டாரங்களிலிருந்து தெரிவான பிரதேச சபை உறுப்பினர்கள் அதனைக் கொண்டு சேர்க்கலாம். தமிழ்க் கிராமத்துக்கும் முஸ்லிம் கிராமத்துக்கும் செல்வது ஒரே தாளாக இருக்க வேண்டும் என்பது எமது நிபந்தனை. முதல் தாளில் மேய்ச்சல் தரையைப் பற்றி எழுதட்டும்.