சத்தம் எங்கிருந்து வருகிறது?

கடந்த ஆண்டு எனது காரின் முன்பக்க ஷொக் அப்சோபர்கள் இரண்டையும் மாற்ற வேண்டியதாயிற்று. இருபத்தைந்து வயதைக் கடந்த ஜப்பானியக் கார் அது. 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் அனுமதிக்கப்பட்ட போதிலும், வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதிய காரொன்று என்போன்றோரின் கைக்கு எட்டக்கூடியதன்று. பழையதைப் பேணி ஓடுவதே வழி. அசல் உதிரிப்பாகத்தின் விலையும் கட்டுப்படியாகாததால், பஞ்சிகாவத்தையில் வேறு தயாரிப்பொன்றை வாங்கித் தெஹிவளையில் ஒரு கராஜில் பூட்டுவித்தேன். அத்தோடு கீழ்ப்புற ஆம்களின் றப்பர் புஷ்களும் மாற்றப்பட்டன.

மறுநாளே தொல்லை தொடங்கியது. காரை நிறுத்துமிடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் 'டொங்' என்றொரு சத்தம். சிறு பள்ளங்களில் இடைவிடாத கடகடப்பு. எல்லாவற்றிலும் மோசமானது, வளைவொன்றைக் கடந்தபின் ஸ்டியரிங் தானாக நேராகவில்லை. கையால் இழுத்துத் திருப்ப வேண்டியிருந்தது. புத்தளம் வழியாக யாழ்ப்பாணம் செல்கையில், ஒரு வளைவில் கார் வீதியின் மறுபக்கம் சாய்ந்தபோது எதிரே லொறியொன்று வந்துகொண்டிருந்தது. அருகில் மனைவி. அந்த ஓரிரு விநாடிகளை இன்னும் மறக்க முடியவில்லை.

"சாமான் சரியில்ல சேர்" என்றார் கராஜ்காரர். அதை அப்படியே நம்பிய நான், பஞ்சிகாவத்தைக் கடைக்குச் சென்று, வாடிக்கையாளர்கள் முன்னிலையில் அந்த முதிய வியாபாரியைக் கடிந்துகொண்டேன். போலிப் பொருளை விற்றுவிட்டதாகவும் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டார்: "சேர், சத்தம் எங்க இருந்து வருதெண்டு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. முப்பது ஆண்டுகளாகச் செய்தியின் மூலத்தை விசாரிக்காமல் ஒரு வரியும் எழுதக்கூடாதென்று இளையவர்களுக்குப் போதித்துவந்த நான், ஒருவரின் வாய்ச்சொல்லை மட்டும் கேட்டு இன்னொருவருக்குத் தீர்ப்பு எழுதியிருந்தேன்.

அவர் தமது உதவியாளனை ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்லிவிட்டு, சில்லுக்கு மேலுள்ள சுருள்வில்லில் கையை வைத்துப் பார்த்தார். என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வில் சீராகச் சுழலாமல் முறுகி நின்று, பின்னர் திடீரெனத் துள்ளி விடுபட்டது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஷொக் அப்சோபரும் வில்லும் சேர்ந்து சுழல்வதற்கு மேலே ஒரு பெயரிங் இருக்கிறது. கராஜில் புதிய ஷொக் அப்சோபரின் மீது துருவேறிய பழைய பெயரிங்கையே பூட்டியிருந்தார்கள். அது இறுகியதால்தான் சத்தமும் எழுந்தது, ஸ்டியரிங்கும் திரும்பி வரவில்லை. கடகடப்புக்குக் காரணம் ஸ்டெபிலைஸர் லிங்கின் நட்டு முழுமையாக இறுக்கப்படாமை.

இன்னொன்றையும் அவர் விளக்கினார். புஷ் பூட்டிய ஆணிகளை, சில்லுகள் அந்தரத்தில் தொங்கும்போது இறுதியாக இறுக்கிவிடக்கூடாது. வாகனத்தின் பாரம் சில்லுகளில் இறங்கிய நிலையிலேயே இறுக்க வேண்டும். இல்லாவிடில் காரை ஜக்கிலிருந்து இறக்கியதும் றப்பர் முறுகிய நிலையிலேயே நின்று, விரைவில் கிழிந்துவிடும். ஷொக் அப்சோபரைக் கழற்றிப் பூட்டினால் சில்லுகளின் கோணம் மாறுமாதலால் எலைன்மென்டும் பார்த்தாக வேண்டும். சிக்கனம் கருதி அதைத் தவிர்த்தவன் நானே.

மலிவான பாகங்கள் யாவும் நல்லவையென்று நான் வாதாடவில்லை. போலிகள் இருக்கின்றன. உயரம் வேறுபட்ட வில்களும், சில மாதங்களில் எண்ணெய் கசியும் ஷொக் அப்சோபர்களும் இருக்கின்றன. சில்லின் மையத்திலிருந்து மட்காட்டின் விளிம்புவரை இரு பக்கமும் அளந்தால் உயர வேறுபாடு தெரிந்துவிடும். குற்றம் பாகத்திலா, பூட்டியதிலா என்பதை இவ்வாறு சோதித்த பின்னரே சொல்ல வேண்டும். சோதிக்காமல் மாற்றினால் புதிய பாகத்துக்கும் அதே கதிதான்.

அந்தக் கராஜ்காரரை மட்டும் குறைகூறவும் என் மனம் ஒப்பவில்லை. எத்தனை பாகம் மாற்றினார் என்பதற்கே நாம் அவருக்குக் கூலி கொடுக்கிறோம். பழுதைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் செலவிட்டால், "ஒன்றும் மாற்றவில்லையே, எதற்குக் காசு?" என்று கேட்கிறோம். முறுக்குவிசையை அளந்து இறுக்கும் சாவி அவரிடம் இல்லை. எவ்வளவு இறுக்க வேண்டுமென்பதைத் தமிழில் வாசித்தறிய அவருக்கு ஒரு கைந்நூலும் எவரும் கொடுக்கவில்லை. நமது தொழிற்பயிற்சி நிலையங்கள் இதைச் செய்யலாம். செய்ய வேண்டும். பழைய வாகனங்களிலேயே பெரும்பாலோர் பயணிக்கும் நாட்டில், இது உயிர் காக்கும் காரியம்.

நாமும் பழக வேண்டியது ஒன்றுண்டு. வேலையைக் கொடுக்குமுன், மேல் பெயரிங் மாற்றப்படுமா, ஆணிகள் எந்நிலையில் இறுக்கப்படும், எலைன்மென்ட் யார் பார்ப்பது என்று கேளுங்கள். கண்டுபிடிப்பதற்கும் கூலி கொடுங்கள்.

புதிய பெயரிங்குகள் பூட்டியபின் கார் சத்தமின்றி ஓடுகிறது. அடுத்த வாரமே பஞ்சிகாவத்தைக்குப் போனேன். கடையில் ஆட்கள் நிறைந்திருந்த வேளையாகப் பார்த்தே போனேன். பலர் முன்னிலையில் ஏசியவன், மன்னிப்பையும் பலர் முன்னிலையில்தானே கேட்க வேண்டும்.