கணக்கில் வராத கால்கள்

திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழத்தை அளந்தவர் பலர்; எண்ணெய்க் குதங்களை எண்ணியவர் பலர்; அவற்றுக்காக ஒப்பந்தம் எழுதியவரும் பலர். அத்துறைமுகத்தைச் சூழ்ந்து வாழும் மக்களின் கால்களை எண்ணியவர் யாரென்று நாம் கேட்டால் சிலர் நகைக்கக்கூடும். நகைப்புக்குரிய வினாவன்று இது.

2005–06ஆம் ஆண்டுகளில் டாக்டர் பிரசாத் கட்டுலந்தவும் அவர்தம் குழுவினரும் இலங்கையில் நீரிழிவு எவ்வளவு பரவியுள்ளதென்று ஆராய்ந்தனர். இருபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் நூற்றுக்கு 10.3 பேர் நோயாளர் என்பதும், அவருள் மூன்றிலொரு பங்கினருக்கு மேல் தமக்கு நோயுண்டென்பதையே அறியாதிருந்தனர் என்பதும் வெளிப்பட்டன. அதே ஆய்விலிருந்து 2012இல் வெளியான நரம்புச் சிதைவுக் கணக்கு இன்னும் கொடிது. நோய் புதிதாகக் கண்டுபிடிக்கப்பெற்றவர்களிடத்தும் நூற்றுக்கு 28.8 பேருக்கு நரம்பு கெட்டதற்கான அறிகுறிகள் இருந்தன! ஆனால் அது ஏழு மாகாணங்களின் கணக்கு. வடக்கும் கிழக்கும் அதில் இல்லை.

ஆய்வாளர்மீது நாம் குறை கூறவில்லை. 2006 யூலையில் மாவிலாற்றில் மூண்ட போர் அடுத்த மாதமே மூதூர் மக்களை ஊரைவிட்டு ஓடச் செய்தது. அந்நிலையில் இரத்தம் சோதிக்க யார் வருவார்? ஆயின் போர் 2009இல் ஓய்ந்தது. 2018–19இல் நடந்த நாடளாவிய ஆய்வு, வளர்ந்தோரில் நூற்றுக்கு 23 பேர் நீரிழிவாளர் என்றது. அளவிடும் முறைகள் வேறாயினும் நோய் வளர்ந்துள்ளதென்பதை எவரும் மறுக்கவியலாது.

சர்க்கரை மிகுந்த இரத்தம் முதலில் தாக்குவது உடலின் மிக நீண்ட நரம்புகளையே. அதனால்தான் கால்விரலில் தொடங்குகின்றது. எரிவும் எறும்பூரல் போன்ற உணர்வும் தோன்றும். பின்னர் அவையும் அடங்கும். நோவு நின்றதென்று நோயாளி மகிழ்கின்றார்; உண்மையில் நின்றது நோவன்று, காவல்! கிண்ணியாவிலும் குச்சவெளியிலும் வெறுங்காலுடன் கரைவலை இழுப்பவர் காலில் சிப்பி வெட்டினால் அவர் அறியார். உச்சிவெயிலிற் கோணேசர் மலையில் நடக்கும் அடியவர் பாறையின் சூட்டை அறியார். புண் சீழ்ப்பிடித்து, விரல் போய், கால் போகும். உணர்விழந்த கால் நோவில்லாமையாலேயே அழிகின்றது என்பதை வேலூரில் தொழுநோயாளரிடம் பணியாற்றிய டாக்டர் போல் பிராண்ட் உலகுக்கு உணர்த்தினார். நீரிழிவாளரின் காலைக் காக்கும் மருத்துவம் அவரிடம் பெரிதும் கடன்பட்டது.

மருந்தில்லையா? உண்டு, அதன் எல்லையையும் அறிதல் வேண்டும். 2022இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்று 130 நோயாளரிடம் அமிற்றிப்ரிலின், டுலொக்செற்றின், பிரிகபலின் ஆகிய மூன்றையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தது. மூன்றும் ஏறத்தாழ ஒரே அளவில் நோவைத் தணித்தன. ஒன்றால் தணியாதவர்க்கு இரண்டைச் சேர்த்தபோது மேலும் பயன் கிடைத்தது. பழைய, மலிவான அமிற்றிப்ரிலின் புதியவற்றுக்குத் தாழ்ந்ததன்று என்பது ஏழை நாட்டுக்கு நற்செய்தி. எனினும் இவை நோவையே தணிப்பன. செத்த நரம்பை எழுப்புவன அல்ல.

சித்த மருத்துவத்தில் விடையுண்டென்போரும் நம்மிடை உளர். உண்டாயின் அதுவும் சோதனைக்கு வரட்டும். சிங்கள மக்கள் கோதல ஹிம்புட்டு என வழங்கும் கொடியைக் கொண்ட தேநீரை, போலித் தேநீரோடு ஒப்பிட்டு இலங்கையில் ஆய்ந்து 2005இல் முடிவு வெளியிட்டனர். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலேயே சித்த மருத்துவம் கற்பிக்கின்றார்கள். அவ்வழியில் ஆராய அவர்களினும் உரியவர் யார்?

சுகாதார அமைச்சிடம் நாம் கேட்பது பெரிதன்று. நீரிழிவு கிளினிக்குக்கு வருபவரின் இரத்தத்தைப் பார்ப்பதோடு நில்லாது, ஆண்டுக்கொரு முறையேனும் அவரது பாதத்தையும் பார்க்கவேண்டும். பத்துக் கிராம் அழுத்தத்தில் வளையும் நைலோன் இழையொன்று போதும். அதற்கு மாளிகையும் வேண்டா, மின்சாரமும் வேண்டா. பார்த்ததைப் பதிவு செய்து, தமிழர், முஸ்லிம், சிங்களவர் என மூவினத்தாரும் வாழும் இம்மாவட்டத்தின் கணக்கை வெளியிட வேண்டும். புதிய மருந்தைச் சோதிக்க ஆய்வாளர் வருவாராயின் வருக! ஆனால் ஒப்புதற் பத்திரம் ஒப்பமிடுபவரின் மொழியில் இருத்தல் வேண்டும். ஆய்வின் முடிவும் அதே மொழியில் அவர் கைக்குத் திரும்பி வரல் வேண்டும்.