கல்யாணப் பேச்சுக்காக மறைத்த வியாதி

பதிவு கொஞ்சம் நீளம். கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் படித்த பிள்ளை ஒருவன். வலிப்புக்குக் கார்பமாஸபின் குளிசை தொடங்கி மூன்றாம் வாரம் காய்ச்சல், கண் சிவப்பு, வாயெல்லாம் புண். அம்மை என்று நினைத்து, குளிசையையும் கொடுத்துக்கொண்டே நாலு நாள் வீட்டில் வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது தோல் உரியத் தொடங்கிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ், உயிர் தப்பினான். பார்வை பழையபடி இல்லை.

வார்ட்டுக்கு வெளியே அவனுடைய உம்மா அழுதுகொண்டு சொன்னார்: "சேர், என்ட தம்பிக்கும் வலிப்புக் குளிசையால இப்படித்தான் வந்த. தங்கச்சிக்குக் கல்யாணம் பேசின நேரம். வெளிய சொல்லல்ல."

கிளினிக்கில் டொக்டர் கேட்டிருக்கிறார், குடும்பத்தில் யாருக்காவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதா என்று. "இல்லை" என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒரு பொய்தான் இத்தனையும்.

இது கண்ணூறும் இல்லை, செய்வினையும் இல்லை. ஸ்டீவன்ஸ்-ஜோன்சன் என்று இதற்குப் பெயர். 2004இல் தாய்வானில், கார்பமாஸபினால் இது வந்த 44 பேரைச் சோதித்தார்கள். 44 பேரிடமும் ஒரே மரபணு வகை இருந்தது. அடுத்த வருடம், யூரிக் அசிட்டுக்குக் கொடுக்கும் அலோபியூரினோலால் பாதிக்கப்பட்ட 51 பேரைப் பார்த்தார்கள். 51 பேரிடமும் இன்னொரு வகை. பிறகு 4,877 பேருக்குக் கார்பமாஸபின் கொடுக்கும் முன்பே இரத்தம் சோதித்து, அந்த வகை உள்ளவர்களுக்கு வேறு மருந்து கொடுத்தார்கள். ஒருவருக்குக்கூட இந்த நோய் வரவில்லை. சிங்கப்பூரில் 2013 முதல் இந்தச் சோதனை நடைமுறையில் இருக்கிறது.

இந்த மரபணு வாப்பாவிடமிருந்தோ உம்மாவிடமிருந்தோ வருவது. ஒருவருக்கு இருந்தால் கூடப்பிறந்தவருக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இருக்கிற எல்லோருக்கும் நோய் வருவதில்லை. அந்த மருந்தைத் தொடாதவரை ஒரு குறையும் இல்லை. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

"குமருப் பிள்ளைகள் இருக்கிற வீடு சேர்" என்பீர்கள். சரி. அதே குமருப் பிள்ளைக்கு நாளை அதே குளிசை எழுதப்பட்டால்? மாப்பிள்ளை வீட்டுக்கு மறைத்தது டொக்டருக்கும் மறைந்துபோகிறதே! கற்பிட்டியில் மருந்தெடுத்தால் ஆட்கள் காண்பார்கள் என்று சிலாபத்துக்குப் பஸ் ஏறுகிறோம். அங்குள்ளவருக்கு எங்கள் பழைய கதை எப்படித் தெரியும்? ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் பேசுகிற வேலை இது.

தயவுசெய்து இவற்றைச் செய்யுங்கள்:

மருந்தால் தோல் உரிந்தவர் வீட்டில் இருந்தால், மருந்தின் பெயரைக் கிளினிக் கொப்பியின் முன்பக்கத்தில் எழுதுங்கள். கூடப்பிறந்தவர்களுக்கும் சொல்லுங்கள்.

புதுக் குளிசை தொடங்கி முதல் இரண்டு மாதத்துக்குள் காய்ச்சலோடு வாய்ப்புண், கண் எரிவு, தோல் நோவு, கொப்புளம் வந்தால் அடுத்த குளிசையைக் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

பக்கத்து வீட்டுக் குளிசையை வாங்கிக் குடிக்காதீர்கள்.

வருடக்கணக்காக வலிப்புக் குளிசை குடித்து நன்றாக இருப்பவர்கள் இதை வாசித்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். அது வேறு ஆபத்து.

அந்த உம்மா என்னிடம் கேட்டார், "நான் சொல்லியிருந்தா பிள்ளைட கண் நல்லா இருந்திருக்குமா சேர்?" எனக்குப் பதில் வரவில்லை. உங்கள் வீட்டில் அந்தக் கேள்வி வர வேண்டாம்.