வரப்பில் கிடக்கும் பொறி யாருடையது?

சேத்துப்பட்டு வட்டாரத்துக் கழனிகளில் எலி பிடித்துப் பிழைக்கும் இருளர் மக்களை அறியாத விவசாயத் தொழிலாளி இல்லை. அந்தி சாயும் வேளையில் வரப்போரம் பொறி வைக்கிறார்கள். விடியுமுன் வந்து எடுத்துப் போகிறார்கள். சில பொறிகள் தவறிப் போகின்றன. பெருச்சாளி இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. அல்லது மதகு திறந்த தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. நாலு நாள் கழித்துக் களை எடுக்கப் போகிறவர் கண்ணில் அது படுகிறது. அவர் என்ன செய்ய வேண்டும்?

"இதையெல்லாமா பத்திரிகையில் எழுதுவது?" என்று சில கனவான்கள் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். ஆரணி நெசவாளியின் நாடா தெருவில் விழுந்து கிடந்தால், கண்டெடுத்தவர் வீடு தேடிப் போய்க் கொடுக்கிறார். நாடா இல்லாவிட்டால் தறி நிற்கும், தறி நின்றால் அடுப்பு எரியாது என்பது ஊருக்கே தெரியும். அறுப்புக்காரியின் அரிவாளுக்கும் அதே மரியாதை உண்டு. பொறி என்று வந்தால் மட்டும் அந்த மரியாதை எங்கே ஓடி ஒளிகிறது? பொறி மட்டமான பொருள் என்பதாலா? இல்லை. அதை வைத்தவர் மட்டமானவர் என்று தலைமுறை தலைமுறையாக நம் மூளையில் ஏற்றி வைத்திருக்கிறார்களே, அதனால்!

நிலச்சொந்தக்காரர் சொல்கிறார்: "என் கழனியில் கிடந்தது எனக்கே சொந்தம்." என்ன அருமையான நியாயம்! நெற்கதிரை அறுத்துக் கொண்டுபோய் வளைக்குள் குவித்து வைக்கும் எலியைப் பிடித்து, அவர் விளைச்சலைக் காத்துக் கொடுத்தவரின் கருவி அது. எலி தின்றது போக மிஞ்சிய நெல் பண்ணையாருக்கு. எலியைப் பிடித்த பொறியும் பண்ணையாருக்கா? எலி பிடிப்பவர் வராவிட்டால் அவர் கடைக்குப் போய் எலி மருந்து வாங்க வேண்டும். அந்த விஷம் எலியோடு நிற்பதுமில்லை. ஆந்தை சாகிறது, காவல் நாய் சாகிறது.

இன்னொருவர் தர்மவான். "உயிரைக் கொல்லும் கருவி, ஏரியில் எறிந்தால் புண்ணியம்" என்கிறார். எலி மருந்து டப்பாவை ஏரியில் எறியும்படி எந்தப் பண்ணை வீட்டுத் திண்ணையிலாவது இவர் உபதேசம் செய்ததுண்டா என்று கேட்கிறோம். ஏழையின் கையில் இருக்கும்போது மட்டும்தான் இவருக்குக் கருவி பாவமாகத் தெரிகிறது.

ஆனால் வேதனையான விஷயம் பண்ணையார் பேச்சல்ல, தர்மவான் பேச்சுமல்ல. நம்மவர் சிலரே "கிடைத்தது லாபம்" என்று அதைப் பழைய இரும்புக் கடையில் போட்டு, ஒரு வேளை டீச் செலவைப் பார்த்துக்கொள்கிறார்களே, அதுதான் வேதனை. தோழரே, ஆரணி அரிசி ஆலையில் மூட்டை தூக்குபவர் நீங்கள். உங்கள் கொக்கியை எவனாவது விற்றுவிட்டால் நாளைக்கு எதைக் கொண்டு மூட்டையை இழுப்பீர்கள்? வளையில் புகை போட்டு ஊதி ஊதி வாயும் கண்ணும் வெந்துபோகிறவர் அவர். உங்களைப் போலவே கைப்பாட்டில் கஞ்சி குடிப்பவர்.

சட்டம் என்ன சொல்கிறது? கண்டெடுத்தவன் சொந்தக்காரன் ஆகிவிட மாட்டான் என்றுதான் சொல்கிறது. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம், 71-ஆம் பிரிவு: பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்பவனுக்கு, அடைக்கலமாகப் பெற்றவனுக்குள்ள கடமை உண்டு. சொந்தக்காரர் இன்னார் என்று தெரிந்தும் தனக்கென்று ஆக்கிக்கொண்டால் அது குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தில் 403-ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் நியாய சம்ஹிதையில் 314-ஆம் பிரிவாக இருக்கிறது. அந்தக் கழனியில் பொறி வைப்பவர் யார் என்று ஊருக்கே தெரியும்போது "சொந்தக்காரர் யாரோ" என்று கைவிரிப்பது வெறும் பசப்பு.

ஆனால் சட்டப் புத்தகத்தில் இருப்பது வேறு, சர்க்கார் நடப்பது வேறு. ஏழை குனிந்து எடுத்தால் திருட்டு, சொத்துள்ளவன் எடுத்தால் உரிமை என்பது பழைய கதை. ஜெர்மனியில் ரைன் மாகாணச் சபை, காட்டில் தானே உதிர்ந்த சுள்ளியைப் பொறுக்குவதையும் திருட்டாக்க முனைந்தபோது, 1842-ல் 24 வயது மார்க்ஸ் பத்திரிகையில் எழுதி அதைச் சந்தி சிரிக்க வைத்தார். இங்கிலாந்து ஜமீன்களில் காட்டுக்குள் வரும் ஏழையின் காலை முறிக்க இரும்புப் பொறி வைத்தார்கள். 1827-ல்தான் அதற்குத் தடை வந்தது. அங்கே பொறி வைத்தவன் பிரபு, அகப்பட்டவன் மனிதன்! உதகையில் வேட்டை நாய்களை விட்டு நரி துரத்திய வெள்ளைக்காரத் துரையின் சவுக்கு புதரில் விழுந்திருந்தால், அதை ஏரியில் எறிவது புண்ணியம் என்று எவர் சொல்லியிருப்பார்?

கருவி மீது குற்றம் இல்லை என்பதற்கு இருளர் வாழ்வே சாட்சி. பாம்புத் தோல் வியாபாரம் தடைசெய்யப்பட்டபோது அவர்களுடைய பிழைப்பு பறிபோனது. 1978-ல் வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. அதே கை, அதே கடப்பாரை, அதே பை. ஆனால் இப்போது விஷமுறிவு மருந்துக்கு நஞ்சு எடுத்துத் தரும் தொண்டு! 2023-ல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நல்லது. பத்மஸ்ரீ கொடுத்த கை, கழனியில் எலி பிடிப்பவரின் கடப்பாரையைப் பிடுங்காமல் இருக்கட்டும்.

எலி பிடிப்பது குற்றமல்ல. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் எலியைக் காப்புள்ள பிராணிகளோடு சேர்க்கவில்லை. 2022-ல் திருத்தியபோதும் சேர்க்கவில்லை. முயலும் உடும்பும் வேறு. அவற்றைப் பிடிப்பது குற்றம், அதற்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் சந்தேகத்தின் பேரில் பிடுங்கிய பொருள் பிடுங்கிய மாத்திரத்தில் சர்க்கார் சொத்து ஆகிவிடாது. அது குற்றத்துக்குப் பயன்பட்டது என்று கோர்ட்டு காண வேண்டும். 2008-ல் மத்தியப் பிரதேசத்து வாகன வழக்கில் சுப்ரீம் கோர்ட்டே இப்படிச் சொல்லியிருக்கிறது. லாரிக்கு உள்ள நியாயம் எலிப் பொறிக்குக் கிடையாதா?

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். எல்லாவற்றையும் திருப்பிக் கொடு என்று நாம் சொல்லவில்லை. அவுட்டுக்காய் கிடந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள். மாட்டின் வாயும் சிதறும், பிள்ளையின் கையும் சிதறும். காட்டுப்பன்றிக்கு என்று திருட்டு மின்சாரம் பாய்ச்சிய கம்பியும் அப்படித்தான். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே மூன்று யானைகள் அப்படிச் செத்தன. இரவில் மடை திருப்பப் போகும் கூலித் தொழிலாளிக்கும் அதே கதிதான். இவற்றைக் கண்டால் ஊரைக் கூப்பிடுங்கள், மின்வாரியத்துக்கும் போலீசுக்கும் சொல்லுங்கள். வைத்தவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் சொல்லுங்கள். வயிற்றுக்காக வைத்த பொறி வேறு, ஊரார் உயிரைப் பணயம் வைத்துப் போட்ட கம்பி வேறு.

விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகள் இப்போதே செய்யக்கூடிய வேலை இருக்கிறது. கிளை அலுவலகத்தில், அது இல்லாத ஊரில் சங்கத் தோழர் வீட்டுத் திண்ணையில், கண்டெடுத்த பொறி, கடப்பாரை, ஊத்தா, வலை எல்லாவற்றையும் வைக்க ஒரு மூலை ஒதுக்குங்கள். எந்தக் கழனியில், எந்தத் தேதியில் கிடந்தது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். இருளர் குடியிருப்புக்கு ஆளனுப்பிச் சொல்லுங்கள். அவர் வந்து கைகட்டி நின்று கேட்கும்படி விடாதீர்கள்.

போலீசாரோ வனத்துறையாரோ பிடுங்கினால், பறிமுதல் மகஜர் எழுதச் சொல்லி நகல் கேளுங்கள். 2024 ஜூலை முதல் போலீசார் சோதனையையும் பறிமுதலையும் படம் பிடித்தாக வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 105-ஆம் பிரிவு சொல்கிறது, அதையும் நினைவூட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு தோழர் உடன் போகட்டும். எத்தனை பொறி, எத்தனை கடப்பாரை என்று மகஜரில் சரியாக எழுதியிருக்கிறதா என்று அவர் படித்துச் சொன்ன பிறகு கைநாட்டு வைத்தால் போதும்.